தையலுக்கு விட்ட கால் அங்குலம்

அந்தத் தாளில் மூன்று அங்குலம் என்றுதான் போட்டிருந்தது. எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் மூலைக்கு மூலை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி நீல முக்கோணம், மறு பாதி கோரா வெள்ளை முக்கோணம். ஒரு கட்டத்தின் ஓரத்தில் மட்டும் சிறிய அம்புக்குறி போட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதியிருந்தது.

என் மனைவி அந்தத் தாளையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது தவக்காலத்தின் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு மாடி அறையில், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் குழு ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு மாதம் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி முடிந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் இடம். மாதிரிக்கு ஒரு துண்டு தைத்துத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த இடம் அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக அவள் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் நின்றுகொண்டே வேலை செய்தவள். இடது காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துவிட்டது. புண் வந்தால் ஆறாது, இனிமேல் நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதித் தந்திருந்தார். போர்வை வேலை உட்கார்ந்து செய்கிற வேலை. தொழிற்பேட்டையைச் சுற்றி அவள் வயதுப் பெண்ணுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்று வேறு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

நான் அதற்கு முந்தைய ஐப்பசியிலிருந்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேஜ் அறையில் இருந்தவன். ஒவ்வோர் அளவுக்கருவியின் மேலும் அடுத்த சோதனைக்கான தேதி ஒட்டியிருக்கும். அந்தத் தேதிகள் தவறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனபோது கருவிகள் போயின, நான் போகவில்லை. காலையில் கிளை நூலகம், பிறகு நாட்குறிப்பு. மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், ரயில் தாமதம் எல்லாம் எழுதுவேன். மற்றபடி வீட்டில் என்னால் ஆன காரியம் குறைவு.

அதனால் அவள் தைக்க உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் போய் நின்றேன். முதல் நாள் ஓரளவு உதவவும் செய்தேன். ஊசியிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் இயந்திரத் தட்டின் மேல் அவர்கள் ஒரு டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். துணியின் விளிம்பு அதைத் தொட்டபடி ஓட வேண்டும். நான் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். டேப் நூலளவு வெளியே இருந்தது. பிய்த்துச் சரியாக ஒட்டினேன்.

"இத்தினியூண்டுதானே, இதுல இன்னா வந்துடப் போகுது?" என்றாள்.

"ஒரு தையலுக்கு இத்தினியூண்டு. எட்டுக் கட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாரு."

அவள் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, ஆமா. கேஜு ரூமு ஊட்டுக்கே வந்துடுச்சு" என்றாள்.

தைக்கும் முறையை அவள் எனக்குச் செய்து காட்டினாள். நீலத்திலும் வெள்ளையிலும் நாலு அங்குலத்துக்கு அரைக்கால் குறைவாகச் சதுரம் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி ஒவ்வொரு தையல். பிறகு கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டங்கள் கிடைக்கும். விரித்து இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து எடுக்க வேண்டும், சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுக்கக் கூடாது. குறுக்கே வெட்டிய துணி இழுத்த பக்கம் போய்விடும். முதல் நாள் அவள் இழுத்துத் தேய்த்த நாலு கட்டங்கள் சாய்ந்த கதவு மாதிரி ஆயின. அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதுத் துணி வெட்டித் திரும்பத் தைத்தாள். அதில் உபரியாகக் கொடுத்திருந்த துணி பெரும்பாலும் தீர்ந்தது.

சனிக்கிழமை மாலைக்குள் அறுபத்து நான்கும் தயார். விரித்த கட்டத்தின் இரண்டு மூலைகளில் மட்டும் சின்னச் சின்ன முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் காது என்பார்கள். அதை வெட்டிவிட்டு, கட்டங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது, "சும்மாதானே குந்திக்கினு இருக்கப் போற. காதை மட்டும் நறுக்கி வையேன், வந்து மூட்டிடுறேன்" என்றாள்.

எட்டே முக்காலுக்கு அவள் போனாள். நான் முதல் கட்டத்தை எடுத்து அளந்தேன். மூன்றரை அங்குலம். அடுத்ததும் மூன்றரை. இன்னொன்று மூன்றரையும் மயிரிழையும். தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று என்றிருந்தது. என் மனம் அப்போது போன வழியில் ஒரு தடங்கலும் இருக்கவில்லை. கேஜ் அறையில் வரைபடத்தில் இருக்கும் எண்தான் பொருளின் அளவு. அதற்கு மேல் இருப்பது பிசிறு. இவள் எல்லாவற்றையும் அரை அங்குலம் பெரிதாகத் தைத்திருக்கிறாள், நாளைக் காலை அவர்கள் ஸ்கேலை வைத்ததும் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் பயிற்சிக்குப் போன ஒரு மாதமும் எனக்கு நினைவு வரவில்லை.

கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களில், நிலம் அளந்த கோல் எத்தனை சாண் என்று சொன்ன பிறகுதான் நிலத்தின் அளவைச் சொல்வார்கள் என்று படித்திருக்கிறேன். எந்தக் கோல் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது தெரியாதவனல்ல. அன்றைக்குக் கேட்கவில்லை.

அலுமினியத் தகடு ஒன்று வைத்திருந்தேன். அதை மூன்று அங்குலச் சதுரமாக அறுத்து, அரம் போட்டு, மூலைக்கு மூலை ஒரு கோடு கீறினேன். அந்தக் கோட்டைக் கட்டத்தின் தையல் மேல் வைத்து, அவள் துணி வெட்டும் சக்கரக் கத்தியால் நாலு பக்கமும் சீவினேன். அறுபத்து நான்கையும் சீவி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுக்கி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது ஒரே கட்டையில் அறுத்ததுபோல இருந்தன. பல மாதங்களில் அவ்வளவு நிறைவாக நான் எந்த வேலையும் செய்திருக்கவில்லை.

அவள் வந்து பைபிளை டிவி மேல் வைத்துவிட்டு ஒரு கட்டத்தை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"இன்னா இது, சின்னதா கீது?"

"மூணு அங்குலம். நீ எல்லாத்தையும் அரை அங்குலம் பெருசா தெச்சிருந்த."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த அரை அங்குலம் தையலுக்குய்யா. பக்கத்துக்குக் கால். தெச்சு முடிச்ச அப்புறந்தான் மூணு."

நான் தாளைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துணி நறுக்குகளை ஒரு பிடி அள்ளினாள். கால் அங்குல அகலம், அதற்குள் நூல் பிரிய ஆரம்பித்திருந்தது.

"கம்பெனிலயும் இப்படித்தான் எல்லாத்தையும் சீவிக்கினு இருந்தியா? அதான் ஊரை வுட்டே ஓடிட்டானுங்க."

சிரிப்பதுபோலச் சொன்னாள். பிறகு மீதித் துணியை எடுத்து விரித்தாள்.

மீதித் துணியில் எட்டுக் கட்டம்கூடத் தேறவில்லை. ஒரு நறுக்கை மடித்து எடுத்துக்கொண்டு மதியம் ரயிலில் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். முதல் கடைக்காரர் அதை ஐந்தாறு நீலங்களின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இது சாயம் போட்டு, அலசி, அப்புறம் வெளுக்க வெச்ச நீலம்மா. எங்கிட்ட நாப்பது நீலம் கீது. இது இல்ல."

அடுத்த கடையில், "ஜாக்கெட்டு உள்துணிக்கா, அக்கா? உள்ளதானே கெடக்கப் போகுது, யாரு உத்துப் பாக்கப் போறா?" என்று ஒருவர் கேட்டார்.

"அளந்தே பாக்குறாங்க, அண்ணே" என்றாள்.

ஏழு கடை ஏறி இறங்கினோம். திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்துக்கொள்வதும், வண்டி ஆடும்போது கீழே ஊன்றுவதுமாக நின்றாள். மீஞ்சூர் தாண்டித்தான் ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அப்படியே மூட்டிக் கொண்டுபோறேன். தையலைப் பாக்கட்டும். தையல் நல்லாருந்தா அளவுக்கு ஒரு தபா மன்னிச்சு வுடுவாங்க" என்றாள் உட்கார்ந்தபடி. அன்று மாலையே அறுபத்து நான்கையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பைக்கில் கொண்டுபோய் விட்டேன். மாடி அறையின் கதவோரம் நின்றேன். பயிற்சி கொடுத்தவர் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வரும் இளம்பெண். மேஜையின் மேல் ஒரு அட்டை. அதில், ஓரத் தையலுக்கு விட்ட அரை அங்குலத்தையும் சேர்த்து, இருபத்து நாலரை அங்குலச் சதுரம் சிவப்புக் கோட்டில் போட்டிருந்தது. மூன்று பேருடைய துண்டுகளை வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றில் முக்கோணத்தின் முனைகள் பாதி தையலுக்குள் போயிருந்தன. ஆனால் ஓரம் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதைத் தேறியது என்று எடுத்துத் தனியாக வைத்தார்.

என் மனைவியின் துண்டை விரித்ததும் சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு முனைகூட மழுங்கவில்லை. நாலு கட்டம் கூடும் இடமெல்லாம் ஊசி முனைபோல வந்திருந்தது. நாலு பக்கமும் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் உள்ளே நின்றது.

"அக்கா, முனையெல்லாம் இவ்ளோ சுத்தமா யாரும் தெச்சதில்ல. அளவு எப்படிக்கா போச்சு? தையலுக்கு விட்டதை யாராச்சும் வெட்டிட்டாங்களா?"

"இல்ல மேடம். நான்தான் வெட்டும்போது தப்பு பண்ணிட்டேன்."

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். எட்டடி தூரம் இருக்கும். வாயைத் திறந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பயிற்சி கொடுத்த பெண் துண்டை மடித்தார். துணி அவர்களுடையது, அதனால் திருப்பித் தரவில்லை. அடுத்த ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்.

வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா? ஊட்டுக்காரன் வெட்டிக் குடுத்தான்னா, முனை சுத்தமா வந்ததும் அவன் வேலைதான்னு சொல்லுவாங்க." ரயில் கடந்து போனது. "சொல்லணும்னா நீதான் அங்க நின்னுக்கினு இருந்தியே."

அன்றைய நாட்குறிப்பில், பத்து ஐம்பதுக்குத் தூறல், மூன்று மணியிலிருந்து நாலே கால் வரை மின்சாரம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலும் ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம் என்றுதான் இருக்கிறது.

புதன்கிழமை அவள் பழைய பிளாஸ்டிக் கம்பெனிக்கே போய்ப் பேசி, மறுநாளே பேக்கிங் வேலையில் திரும்பச் சேர்ந்தாள். அடுத்த ஆர்டர் வரவில்லை. வைகாசியில் அந்த மாடி அறையைக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. அது உட்கார்ந்து பார்க்கிற வேலை.

ஆவணி மாதம் அவள் கணுக்காலுக்கு மேல் கறுத்திருந்த இடம் திறந்துகொண்டது. இருபத்தைந்து காசு அளவு. டாக்டர் துடைத்துக் கட்டுப் போட்டார்.

"பாதி ஷிப்டு மட்டும் நின்னா பரவாயில்லையா, டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"நிக்கவே கூடாதுன்னு போன வருஷமே எழுதிக் குடுத்தேனேம்மா."

"ஆமா டாக்டர். வேற வேலைக்குத்தான் பார்த்தோம். அமையல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் கூட்டமாக இருந்தது. காலுக்குப் போடும் இறுக்கமான உறை இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வெளியே விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, இடது காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்தபடி, கம்பெனியின் இரண்டாம் ஷிப்ட் வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.