முப்பது படங்களில் ஒன்று

நம் கண்ணில் பட்டதை, கேட்காதவர்களுக்கும் சொல்லியாக வேண்டுமா? அந்த ஸ்டூடியோக்காரரின் வாழ்க்கையைப் பார்த்தால் எழுகிற கேள்வி இதுதான். அவர் பெரிய கலைஞர் இல்லை. அவர் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லோரும் எடுக்கிற கல்யாணப் படங்களைப் போலவே இருக்கும். ஒன்றில் மட்டும் கைதேர்ந்தவர்: கைக்குழந்தைகளைக் கேமராவைப் பார்க்க வைப்பதில்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. வெளிர்நீலத் திரை, கம்பளி விரித்த தாழ்ந்த மேடை, இரண்டு குடை விளக்குகள். கேமராவின் தலையில், அமுக்கினால் கீச்சிடும் பச்சை ரப்பர் கிளி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அதனால் தெருவுக்கே அவர் கிளிக்காரர். குழந்தை உட்கார்ந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திரும்பாவிட்டால் கிளி. அதற்கும் மசியாவிட்டால், "அதோ பாரு!" என்று சுவரில் ஒட்டிய விமானத்தைக் காட்டி விரலை நீட்டுவார். ஒரு வயதுக் குழந்தை விரல் போகும் திசையில் பார்க்கும். பிறகு விரல் நீட்டியவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நொடியில் பொத்தானை அமுக்குவார். ஒரு குழந்தைக்கு முப்பது படங்கள் எடுத்து, நன்றாக வந்த ஒன்றைக் கொடுப்பார்.

பசி, தூக்கம், கூச்சம் என்று திரும்பாத குழந்தைகளும் உண்டு. அவை அடுத்த முறை வரும்போது திரும்பிவிடும். எப்போதாவது ஒரு குழந்தை மட்டும் அடுத்த முறையும் பெயருக்குத் திரும்பாது. விரலைப் பார்க்காது. சத்தம் கேட்டுக் கிளியைப் பார்க்கும், கிளிக்காரரைப் பார்க்காது. ஒருமுறை அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்தக் குழந்தையின் அப்பா எழுந்துகொண்டார்.

"போட்டோ எடுக்கச் சொன்னா வைத்தியம் பாக்கறீங்களா? புள்ளையப் பாக்க வைக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து கண்ணைத் திறந்துவைத்து வாயை மூடிக்கொண்டார். சில வருஷம் கழித்து ஒரு பெண், ஐந்து வயது மகனைப் பள்ளி விண்ணப்பப் படத்துக்கு அழைத்து வந்தாள். அவனை ஒரு வயதில் படமெடுத்ததும், அன்று கண்டதும், கண்டும் பேசாமலிருந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தன.

"ஆட்டிசமாம். இன்னும் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னாங்க. எங்களுக்கு எங்க தெரிஞ்சுது, யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள், அவரிடம் குறையாக இல்லாமல், பொதுவாக. அவர் பையனின் காலரைச் சரிசெய்துவிட்டுப் படத்தை எடுத்தார்.

அவருடைய தங்கைக்கு ஒரு மகள். கன்னம் இரண்டும் உப்பியிருப்பதால் வீட்டில் அவள் உருண்டை. மாதம் தவறாமல், பிறந்த தேதியில், மாமாவின் மேடையில் அவளுக்கு ஒரு படம். பதினான்காம் மாதம் அவள் பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பெயருக்குத் திரும்பவில்லை. விமானத்தைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்த்துவிட்டுச் சக்கரத்துக்கே போய்விட்டாள். பதினைந்தாம் மாதமும் அப்படியே. அந்த ஞாயிறு பிற்பகல் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குக் காது நல்லாக் கேக்குதாம்மா?"

"அடுத்த ரூம்ல பிஸ்கட் கவரைப் பிரிச்சா ஓடி வருவா. உனக்குத்தான் கேக்காது."

"பேர் சொன்னா திரும்ப மாட்டேங்கறாளே."

"உருண்டைன்னு கூப்பிட்டா எந்தப் பொண்ணு திரும்பிப் பாப்பா, மச்சான்?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த தங்கையின் கணவர். "அவளுக்கும் மானம் இருக்கில்ல."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி கேட்டார். "ஏதாவது வேணும்னா விரல் நீட்டிக் காட்டறாளா?"

"என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அது மேல வைப்பா. அவ்ளோ வெவரம்."

"அம்மான்னு சொல்லிட்டிருந்தாளே?"

துணி மடித்த கை நின்றது. "பத்தாம் மாசம் சொன்னா. இப்ப... கொஞ்ச நாளா இல்ல. புள்ளைங்க அப்படித்தான், ஒண்ணு வந்தா ஒண்ண விடும்."

"ஒருதரம் டாக்டர்கிட்டக் காட்டிடலாம்மா."

"என்ன சொல்ல வர்ற நீ?" அவள் எழுந்து சுவரைக் காட்டினாள். வரிசையாகப் பதினைந்து படங்கள். "நீ எடுத்ததுதானே? பாரு. ஒவ்வொண்ணுலயும் உன்னையேதான் நேராப் பாக்கறா. கூப்பிட்டா திரும்பாத புள்ள இப்படிப் பாக்குமா? உன் வாயால இப்படி ஒரு வார்த்தை வரணுமா அண்ணா?"

அந்தப் படங்கள் எப்படிக் கிடைத்தன என்பது அவருக்குத் தெரியும். கடைசிச் சில மாதங்களாக, முப்பது படங்கள் எடுத்தால் அதில் ஒன்று. சக்கரத்திலிருந்து குடை விளக்குக்குத் தாவும் பார்வை, வழியில் அரை நொடி லென்ஸைக் கடந்து போகும். அந்த அரை நொடியைப் பிடித்து, கண்மணியில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, சட்டம் போட்டுக் கொடுத்தது அவர்தான். சுவரில் தொங்கிய எதுவும் பொய்ப்படம் இல்லை. ஆனாலும் அவருடைய கைத்திறனே இப்போது அவருக்கு எதிர்ச்சாட்சி.

தங்கை மகளின் படங்களில் ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை. மறுநாள் காலை கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து, கடைசி நான்கு மாதங்களின் படங்களை, ஒரு தாளுக்கு முப்பதாகச் சிறிது சிறிதாக அச்சிட்டார். நான்கு தாள்களையும் கொண்டுபோய்த் தங்கையின் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். அவள் முதலில் உட்காரவே இல்லை. பிறகு ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டிருந்தேன்."

"இதுல?"

"கூப்பிட்டுட்டுத்தான் இருந்தேன்."

விரல் மெல்ல நகர்ந்து வரிசையின் கடைசிக்குப் போனது. "இதுல?"

அவள் அடுத்த வரிசைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதையெல்லாம் ஏண்ணா இத்தன நாளா காட்டல?"

"நல்லா வந்ததத்தானே குடுப்போம்."

மேஜைக்கு அடியில் குழந்தை நாற்காலிக் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தங்கை குனிந்து அவளைப் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"எப்ப போகலாம்?"

முதலில் காது சோதனை, குறை இல்லை. அடுத்து குழந்தை வளர்ச்சி மருத்துவர் தரையில் உட்கார்ந்து அவளோடு நெடுநேரம் விளையாடினார், பெற்றோரிடம் நிறையக் கேட்டார். இரண்டாவது சந்திப்பில் ஆட்டிசம் என்றார். ஒரே ஒரு அறிகுறியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, இவளிடம் பல சேர்ந்து இருக்கின்றன, இந்த வயதிலேயே வந்தது நல்லது என்றும் சொன்னார். தங்கையின் கணவர் அன்று வேடிக்கை பேசவில்லை. பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் தொடங்கின. இரண்டரை வயதில் ஒருநாள் உருண்டை மின்விசிறியை நோக்கி விரலை நீட்டினாள். நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இதை வெற்றி என்பது மிகை. ஆனால் தங்கை அன்று வேலைக்குப் போகவில்லை.

கிளிக்காரர் பிறகும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்ன அந்த வாரத்திலிருந்து, எந்தக் குழந்தையைப் படமெடுத்தாலும், தேர்ந்தெடுத்த ஒன்றை உறையில் போடும்போது மற்ற இருபத்தொன்பதையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கூட வைத்துவிடுகிறார். எல்லோருக்கும்தான், நேராகப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளின் வீட்டுக்கும்.

"இதெல்லாம் சரியா வராத படம்தானே? எங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு தாய் தாளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா, நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று அதை உறைக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு, அடுத்து வந்த குழந்தையின் பெயரைக் கேட்டார்.