மாவுக்கட்டு அறையில் கறிக்கடைக்காரர்

நான்காவது முறையாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, ஐந்தாவது முறையும் குழாயைத் திறக்கிறார் கடைக்காரர். முழங்கைவரை நுரை. "இன்னும் வாடை அடிக்குதான்னு பாரேம்மா" என்று பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் கையை நீட்டுகிறார். "சோப்பு வாடைதாண்ணே அடிக்குது, விடுங்க" என்கிறாள் அவள். கறிக்கடையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆமாம், கறிக்கடைதான். இருபத்திரண்டு வருஷம் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நின்ற மனிதர், நாற்பத்தாறு வயதில், எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடும் உதவியாளராக ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறார். கேட்டால் யார்தான் நம்பிக் கையை நீட்டுவார்கள்?

ஒரு நாள் காலை கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் கீழே வைத்துவிட்டார். "போதும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்பார். அதற்கு மேல் காரணம் கேட்டால் தலையைச் சொறிவார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். காய்கறிக் கடை என்றார் ஒருவர், வாடகைக் கார் என்றார் இன்னொருவர். அந்தச் சமயம் பார்த்து மைத்துனன் படிக்கட்டில் உருண்டு கணுக்காலை முறித்துக்கொள்ள, துணைக்குப் போனவர் மாவுக்கட்டு அறையை எட்டிப் பார்த்திருக்கிறார். "அட, மூட்டு எங்க இருக்குன்னு தடவித்தானே பார்க்குறாங்க! இது நம்ம வேலையாச்சே!"

மைத்துனன் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தான். "மாமா, உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"வெட்டத்தான் தெரியும் உங்களுக்கு, ஒட்டத் தெரியுமா?" என்றாள் மனைவி.

மனிதர் அசையவில்லை. கடையைக் கைமாற்றிவிட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு ஆறு மாதப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார். எலும்புகளின் பேர் தெரியாது, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே பொருந்துகிறது என்று கட்டைவிரலால் சொல்லிவிடுவார். இன்றைக்கும் யாராவது கை குலுக்கினால் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. "உங்களுக்கு நல்ல கெட்டி எலும்பு" என்று பாராட்டுவார். பழைய தொழில் தெரிந்தவர்கள் சட்டென்று கையை உருவிக்கொள்வார்கள்.

பயிற்சியில் ஒருவர் கையில் ஒருவர் கட்டிப் பழகினார்கள். அந்தக் கைகளில் எதுவும் உடைந்திருக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவர் வந்தார். முழங்காலுக்குக் கீழே முறிவு. "பிடிங்க" என்றார் டாக்டரம்மா. பிடித்தார். பிடித்த கால் உயிர்ச்சூட்டோடு இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசின. பெயின்டர் "அம்மா!" என்று அலறினார். அடுத்த நொடி கடைக்காரர் தரையில் கிடந்தார். தன் வலியை விட்டுவிட்டு, "ஐயோ, அவருக்கு என்னாச்சு?" என்று கேட்டாராம் பெயின்டர்.

"இருபத்திரண்டு வருஷமா நான் தொட்ட எலும்பு ஒண்ணுகூட வாயைத் தொறந்ததில்லைங்க" என்று சொல்லும்போது இப்போதும் அவருக்கு முகம் வெளுக்கிறது. இது தெரியாமலா இந்த வேலைக்கு வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாமல்தான் வந்தார்!

அடுத்த வாரம் மறுபடி விழுந்தார். டாக்டரம்மா குரலை உயர்த்தவேயில்லை. "நோயாளியைப் பார்ப்பேனா, உங்களைப் பார்ப்பேனா? இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா, எழுந்து நேரா வீட்டுக்குப் போயிடுங்க."

வீட்டுக்குப் போய் என்ன செய்வது? கடையில் வேறொருவர் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. மனைவியோ, ஆரம்பத்தில் திட்டினாலும், இப்போது எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று பெருமையாகச் சொல்கிறாள். "ஐயோ, என்ன உடம்புக்கு?" என்று அவர்கள் பதறுகிறார்கள். விழுந்த கதையை அவர் வீட்டில் மூச்சு விடவில்லை.

இப்படிப் பயந்துகொண்டே இரண்டு வாரம் ஓட்டியவரிடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு கோணியிருந்தது. பதினைந்து வருஷம் அவரிடமே கறி வாங்கி, பதினைந்து வருஷமும் எலும்பு அதிகம் என்று சண்டை போட்டவர்.

"ஐயையோ!" என்று டீச்சர் போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "டாக்டர், இவர் கறிக்கடைக்காரர்! என் கையை இவர்கிட்டயா குடுக்கச் சொல்றீங்க?"

பெஞ்சில் காலை நீட்டியிருந்த ஒருவர், காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"இங்க இவர் ஒருத்தர்தான் இருக்கார்" என்ற டாக்டரம்மா, மரத்துப்போக ஊசியைப் போட்டுவிட்டு, மருந்து பிடிக்கட்டும் என்று அந்தப்பக்கம் போனார்.

கடைக்காரர் டீச்சரின் முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"உங்களுக்கு ஏன் இப்படி நடுங்குது?"

"பயமா இருக்கு டீச்சர்."

"உங்களுக்கா? நான்தானே பயப்படணும்?"

"யாராவது கத்தினா எனக்குத் தலை சுத்திடுது. ரெண்டு தடவை விழுந்துட்டேன். இன்னிக்கும் விழுந்தா வேலை போயிடும்."

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தியை ஓங்கினால் தெருவே அதிரும் அந்த ஆளா இது? "சரி, நான் கத்தலை. பிடிங்க" என்று உதட்டை இறுக்கிக்கொண்டார்.

டாக்டரம்மா திரும்பி வந்து இழுத்தார். ஊசி போட்டும் வலித்தது. டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாய் மட்டும் திறக்கவில்லை. அந்த மௌனம் கடைக்காரருக்கு வெட்டுக்கட்டையில் நன்றாகப் பழகிய மௌனம். சூடான ஒரு கை, உயிரோடு, சத்தமில்லாமல்! அவரால் தாங்க முடியவில்லை.

"கத்துங்க டீச்சர்!" என்று அவர்தான் கத்தினார். "எனக்காகப் பார்க்காதீங்க, கத்துங்க!"

டீச்சர் கத்தினார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். எலும்பு 'டக்'கென்று இடத்தில் உட்கார்ந்தது. டாக்டரம்மா முதலில் பார்த்தது கடைக்காரரின் கால்களைத்தான். அவை தரையில் ஊன்றி நின்றன.

நனைத்த மாவுத்துணியைச் சுற்றி, விரல் தடம் பதியாமல் உள்ளங்கையால் தாங்கி, இறுகும்வரை பிடித்திருந்தார். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஆளை உள்ள கூப்பிடுங்க" என்றார் அவரிடம்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார் கடைக்காரர். விழுந்த குழந்தையின் முட்டியில் ஊதுவதுபோல, அந்தக் கெட்டிக் கட்டின் மேல் குனிந்து மெல்ல ஊதினார்.