சரிவில் வைத்த குழி

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நான், ஞாயிறுதோறும் கோவைக்குப் போய் கோல்ஃப் ஆடுவேன். போன வருடம் அங்கே தொழில்முறை வீரர்களுக்குச் சில நாள் போட்டி நடந்தபோது, அன்றன்றைக்குக் குழிகளை எங்கே வெட்டுவது என்று குறிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கொஞ்சம் திணறட்டும் என்று கடைசிக் குழியைச் சரிவில் வைத்தேன்.

வெள்ளகோவில்காரர் ஒருவர் தட்டிய பந்து குழியின் விளிம்புவரை ஏறி, அவர் காலடிக்கே உருண்டு வந்தது. மறுபடியும் அப்படியே. கூட்டத்தோடு நானும் சிரித்தேன். அங்கே கூடிப்போன அடிகளாலேயே அவர் அன்றோடு போட்டியிலிருந்து வெளியேறினார்.

"ரொம்பக் கஷ்டமா வெச்சுட்டனுங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கஷ்டமா இருக்கட்டுமுங்க. நல்லா அடிச்சாலும் மோசமா அடிச்சாலும் பந்து ஒரே எடத்துக்கு வந்தா, யாரு ஆட்டக்காரன்னு எப்படீங்க தெரியும்?"

மறுநாள் விடிந்ததும் குழியைச் சமமான இடத்துக்கு மாற்றினேன். அவர் இல்லாமல் மற்றவர்கள் அதில் சுலபமாகப் பந்தைப் போடுவதை நின்று பார்க்க என்னால் முடியவில்லை.