துரை வீட்டை விட்டுப் போனவள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மின்விசிறிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்கிறார் ஒரு அக்கா. சரித்திர நாவல்களின் அட்டைகளில் எல்லாம் வாளேந்திய ராஜாக்கள்.

“வெள்ளைக்காரன் காலத்துக் கதை இல்லையாக்கா?”

“அத்த யாரு சார் படிக்கிறா? ராஜா கதைன்னா நாம ஜெயிக்கிறோம். அவன் கதைன்னா அவன் வூட்டுப் பாத்திரத்தத்தான தேய்ச்சுகினு கீறோம்.”

அப்படிப் பாத்திரம் தேய்த்த ஒருத்தியைப் பற்றித்தான் நாவல் எழுதியிருக்கிறேன், பதிப்பகத்தில் கொடுப்பதற்குமுன் அவள் வேலை பார்த்த இந்தப் பட்டாளக் கண்டோன்மென்டை ஒருமுறை பார்க்க வந்தேன் என்கிறேன். புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நிற்கிறது.

“கடைசில இன்னா ஆவறா?”

“துரை கை நீட்டிடறான். வேலையை விட்டுட்டு வெளியே போயிடறா. அதோட கதை முடியுது.”

“எங்க போறா?”

“அதை எழுதலை.”

“அவ போனதும் முடிஞ்சிட்டா அது தொர கதைதான் சார்.”

எனக்குக் கோபம்தான் வருகிறது. தோள்பையில் கைப்பிரதி கனக்கிறது. தாம்பரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஆனால் ஸ்டேஷன் பக்கம் நான் திரும்பவில்லை. கண்டோன்மென்டிலிருந்து அவள் நடந்திருக்கக்கூடிய சாலையில், வெயிலோடு நடக்கிறேன். அவள் ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்கும்வரை இந்த நாவலை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.