உபவாச நாளில் ஏறிய விழுப்புரம் பஸ்

எங்கள் மகள் கிருபாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம்தான் நிறுத்தியது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. ஆறாம் வகுப்பில் ஒருநாள் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, "மத்த பசங்க பயந்துக்கறாங்க, நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாதுங்க" என்றார்கள். இன்னொரு பள்ளிக்குப் போனோம். அங்கே காபி கொடுத்து அதையே சொன்னார்கள்.

அன்றிலிருந்து திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைதான் அவளுக்கு வகுப்பறை. நான் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஒரு பக்கம் குழம்பு கொதிக்க, இன்னொரு பக்கம் நானும் அவளும் கணக்குப் போட்டோம். தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுக்கிறார்களே, அந்த வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "எனக்கு எடுக்கறவங்க மாதிரி நான் யாரையும் திட்டமாட்டேம்மா" என்பாள். அதற்கு முதலில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேற வேண்டும்.

எங்கள் சபையில் இன்னும் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் நொடி கிடையாது. உலக வழி ஒட்டக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தார்கள். அருமையாகப் படிக்கிற பிள்ளைகள், அதை மறைக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்டெல்லா அக்கா வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கூடிப் படிப்பார்கள். கிருபாவுக்குத் தோழிகள் என்று இருந்தது அவர்கள் மட்டும்தான்.

போன வருஷத் தவக்காலத்தில் எங்கள் தலையில் இடி விழுந்தது. கல்விச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெயரும் வருகைப் பதிவும் இருந்தால்தான் இனிப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும் என்று வரைவு வந்தது. எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை எங்கே போவாள்? நான் சாப்பாட்டை வெறுத்தேன். ஆண்டவரோடு சண்டை போட்டேன். இந்த ஒரு கதவையும் சாத்துவதற்கா இவ்வளவு தூரம் நடத்தி வந்தீர் என்று வாய்விட்டே கேட்டேன்.

விழுப்புரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் இன்னும் சிலரும் பேசுவதாகப் பெயர் கொடுத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு பாஸ்டர் ஓர் அறிவிப்புச் செய்தார். கூட்டம் நடக்கிற அதே நாளில் சபையில் உபவாச ஜெபம், எல்லாக் குடும்பமும் வர வேண்டும்.

"அதிகாரிங்க முன்னாடி கையக் கட்டிக்கினு நிக்கறதுக்கா ஆண்டவர் நம்மள அழைச்சாரு? முழங்கால்ல நில்லுங்க. சட்டம் தானா மாறும்" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பெயர் கொடுத்தவர்கள்தான் உரக்கச் சொன்னார்கள்.

நானும் அன்றைக்குப் போய் உட்கார்ந்தேன். கிருபாவுக்கு மட்டும் கேப்பைக் கூழும் மாத்திரையும் கொடுத்துத்தான் கூட்டிப்போனேன். அதற்கே சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஸ்டெல்லா அக்கா கண்ணீரோடு ஜெபித்தார்: "அப்பா, அந்தக் கூட்டத்துல எங்களுக்காகப் பேச ஒரு வாயை எழுப்பும்!" அத்தனை வாயும் ஆமென் என்றது. ஒரு வாயும் எழுந்திருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆண்டவரே, நான் போகிறேன், நீர் மட்டும் கூட வாரும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

பாஸ்டர் வாசலில் மறித்தார். "விசுவாசம் பத்தலம்மா உனக்கு."

"பத்தலதான் பாஸ்டர். பஸ் ஏறிப் போனாலாவது பத்துமான்னு பாக்கறேன்."

அன்றைக்குப் பார்த்து அமாவாசை. பாதி பஸ் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டது. கடைசியில் கிடைத்த விழுப்புரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வெயிலில் கிருபா நின்றுகொண்டே வந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது மேடையிலிருந்த அதிகாரியம்மா மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்லயே படிக்கற பசங்க சார்பா பேர் குடுத்தவங்க யாரும் வரல. ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கலாமா?"

"இருக்குங்க மேடம்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். இத்தனை நாள் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்த ஒரு நிமிஷம்தான். பஸ் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

கிருபா தானே பேசுகிறேன் என்று மைக்கை வாங்கினாள். கூட்டம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே வீட்டில் பலமுறை பேசிப் பழகியிருந்தாள். "வணக்கம். என் பேரு கிருபா. நான் வீட்லதான் படிக்கிறேன். எனக்குக் கணக்கு ரொம்பப் புடிக்கும்..." அதற்குமேல் பேச்சு வரவில்லை. விழுந்துவிட்டாள்.

யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். "சாவி வேணாங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று நான் அலறினேன். அவள் கண் திறக்கிறவரை அதிகாரியம்மா தரையில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளி நடத்துகிறவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். "நாங்க சேத்துக்கறோம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதையும் அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

இறுதி வரைவு வந்தபோது அதில் ஒரு விலக்கு இருந்தது. மருத்துவச் சான்று உள்ள பிள்ளைகள் வீட்டிலேயே படித்துத் தேர்வு எழுதலாம். மற்றவர்களுக்கு இல்லை. நான் தரையில் விழுந்து அழுது ஸ்தோத்திரம் சொன்னேன். கிருபா அழவில்லை.

"நான் படிச்சதப் பாத்துக் குடுக்கலம்மா. விழுந்ததப் பாத்துக் குடுத்தாங்க" என்றாள்.

அவளுடைய வலிப்பு நிற்க வேண்டும் என்று பல வருஷம் ஜெபித்திருக்கிறேன். ஆண்டவர் அதை எடுக்கவில்லை, அதை வைத்தே கதவைத் திறந்தார். நன்றி சொல்கிறேன். ஆனால் நெஞ்சு கசக்கிறது, அதையும் அவரிடமே சொல்கிறேன்.

ஸ்டெல்லா அக்காவின் பிள்ளைகள் இப்போது சீருடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். செவ்வாய்க்கிழமைப் படிப்பு நின்றுபோனது. கடைத்தெருவில் அக்கா என்னை மறித்து, "நாங்க உபவாசம் இருந்தோம், பலன் உங்களுக்குப் போச்சு" என்றார். பாஸ்டரோ, இது உபவாசத்துக்குக் கிடைத்த வெற்றி என்று என்னையே சாட்சி சொல்லச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

கிருபா தேர்வு எழுதினாள், தேறினாள். கணக்கில்தான் அதிக மதிப்பெண். நானும் மாறிவிட்டேன். இப்போதெல்லாம் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஜெபத்தை முடிக்கிறேன்.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, நம் ஆண்டவர் கேட்கிறவர், நம்புங்கள். முழங்காலில் நில்லுங்கள், பிறகு எழுந்து பஸ் ஏறுங்கள். ஏறும்போது உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு அந்த மண்டபத்துக்கு வந்தது என் பிள்ளை ஒருத்திதான். சட்டத்தில் இடம் கிடைத்ததும் அவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.