வள்ளத்தில் உறங்குகிறவர்

அந்த வியாழக்கிழமை காலை பத்தாம் வகுப்பில் விசையும் முடுக்கமும் நடத்திவிட்டு ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் எங்களோடு கதை விளையாட்டு ஆடுகிற நிசாரிடமிருந்து போன் வந்தது. "டீச்சரே, எஞ்சின் நின்னு போச்சு" என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விளையாட்டை நிறுத்தியபோது, கதையில் எங்கள் வள்ளம், பறக்கிற படகு, எஞ்சின் நின்றுபோய் ஏழாவது வானத்தின் நடுவில் கிடந்தது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "அதுக்கு என்னத்துக்கு ஸ்கூல் நேரத்துல விளிக்கீரு? மிக்கேலை எழுப்பி கயிறை இழுக்கச் சொல்லும்" என்று அதட்டினேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

எழுத்தாளர் குளச்சல் அமலதாஸ், எங்கள் தாசண்ணன், இறந்துபோன செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. மாரடைப்பு. பட்டறையில், பாதி கழற்றிய எஞ்சினுக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு. நேராகச் சொல்ல நிசாருக்கு நாக்கு எழவில்லை. எங்கள் நால்வருக்குள் புழங்கிய பாஷையில் சொல்லிப் பார்த்தார். நானோ அதே பாஷையில் அவரை விரட்டினேன். எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. ஆனால் தாசண்ணன் இருந்திருந்தால் இதை அடுத்த புத்தகத்தில் சேர்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

'கோளாறு' வரிசையின் ஆறு புத்தகங்களையும் வாசித்துச் சிரித்தவர்கள் பலருக்கு அவர் எஞ்சின் மெக்கானிக் என்பது தெரியும். அந்தக் கதைகள் எப்படிப் பிறந்தன என்பது தெரியாது. வளைகுடாவில் வேலை செய்த காலத்தில், கேம்பில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் அவருக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் தங்கள் வேடத்துக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ அதைச் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். ஊருக்குத் திரும்பிய தாசண்ணன், கதை சொல்லுகிறவருக்கு ஒரு பெயர் தேடினார். எங்கள் பக்கம் கூப்பிடுவதற்கு விளிப்பது என்று சொல்வோம். கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிறவரை நினைத்து, தனக்குத் தானே 'விளிக்காரர்' என்று பட்டம் வைத்துக்கொண்டார். ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வீட்டில் ஆட்டம். அங்கே நடந்ததை வார நாட்களில் எழுதுவார். ஆறு புத்தகங்களும் இப்படி வந்தவைதான்.

முதல் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'கோள் ஆறு'. ஆறாவது கோளில் நடக்கிற கதை. அச்சகத்தில் இரண்டு சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கட்டுப் பிரித்து அட்டையைப் பார்த்த அவர் மனைவி ஜெசிந்தாக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தாசண்ணனோ, "நம்ம எஞ்சினைப் பத்தி அச்சுக்காரனுக்கு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கான், கேட்டியா" என்று சிரித்தாராம். அதன்பிறகு எல்லாப் புத்தகத்துக்கும் அதுவே பெயராயிற்று.

நான் அந்த மேசைக்கு வந்தது சண்டை போட்டுத்தான். முதல் புத்தகத்தில், காற்றே இல்லாத ஒரு கோளில் இறங்கியவுடன் அவர்களுக்குக் கருவாட்டு மணம் அடிக்கும். இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது பொறுக்குமா? காற்றில்லாத இடத்தில் மணம் எப்படி வரும் என்று புதுக்கடையிலிருந்து இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு தபால் அட்டை பதிலாக வந்தது. "தவறு என்னுடையது. தயவுசெய்து காற்றுடன் ஞாயிறு மூன்று மணிக்கு வரவும்." போனேன். பதினோரு வருடம் போய்க்கொண்டே இருந்தேன்.

வேடங்களை நீங்கள் அறிவீர்கள். எட்டுக் கையாலும் துணி அளக்கிற, கணவாய்மீன் உருவ வியாபாரி, குளச்சலில் துணிக்கடை வைத்திருக்கும் நிசார். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தவிர வேறெதுவும் சமைக்கத் தெரியாத ரோபோ, ஜெசிந்தாக்கா. ரத்தம் குடிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யட்சி, நான். "டீச்சர் யட்சியாமே, உள்ளதா?" என்று எங்கள் திருச்சபையில் ஒரு பெரியவர் கவலையோடு விசாரித்தார். ஓய்வுபெற்றுவிட்டாள் என்று சமாதானம் சொன்னேன். விளிக்காரருக்கும் ஒரு சின்ன வேடம் இருந்தது. கயிறு மிக்கேல். கதை சொல்கிறவருக்கு வேறு வேலை பார்க்க நேரமில்லை என்பதால் மிக்கேல் எப்போதும் வலைக்கு அடியில் உறங்கிக் கிடப்பான். எஞ்சின் நின்றால் மட்டும் எழுந்து வந்து, நம்மூர் அவுட்போர்டு எஞ்சினை இழுப்பதுபோலக் கயிறைச் சுற்றி இழுப்பான். கோள்களுக்கு நடுவே பறக்கிற வள்ளம் அப்படித்தான் கிளம்பும். முதல் இழுப்பில் ஒருநாளும் கிளம்பியதில்லை. "முதல் இழுப்புல பிடிச்சா அது எஞ்சின் இல்ல மக்கா, பொய்" என்பார் தாசண்ணன்.

பகடையை அவரே நைலான் கட்டையில் அராவிச் செய்திருந்தார். அரம் எங்கோ சறுக்கிவிட்டது போலும். அடிக்கடி ஏழுதான் விழும். 'கோளாறு' கதைகளில் ஏன் எல்லாம் ஏழாக வருகிறது என்று ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார், பாவம். நான் அந்தப் பகடையை நூறு தடவை உருட்டி, விழுந்ததையெல்லாம் அட்டவணை போட்டு, இது கோணல் பகடை, மாற்றியே ஆக வேண்டும் என்று வாதாடினேன். அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "எல்லாம் செரிதான் டீச்சரே. நம்ம கடலு மட்டும் சமமாட்டா கிடக்கு?" என்று கேட்டுவிட்டு அதே பகடையை என் கையில் தந்தார்.

இனி சொல்லப்போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. நான்காவது புத்தகத்தில் யட்சி ஏன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உறங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஏழு மாதமும் நான் திருவனந்தபுரத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தேன். முடியெல்லாம் கொட்டி, கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் கிடந்த ஒரு நாள் தாசண்ணனை அழைத்தேன். "அண்ணே, யட்சியைக் கொன்னுருங்க. கதைக்கும் நல்லாருக்கும்" என்றேன்.

"ஆளில்லாத நேரம் ஆளைக் கொல்லப்பிடாது. அது சட்டம்."

"எப்பம் உள்ள சட்டம்?"

"இப்பம் உள்ளதுதான். ஆட்டத்துக்கு வராத ஆளு வலைக்க அடியில கிடந்து உறங்கும். சாவாது. கொல்லணும்னா நீ நேருல வந்து சொல்லு, அப்பம் பாக்கலாம்."

மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு அத்தியாயமாகக் கையால் எழுதி அனுப்பினார். அவற்றில் யட்சி குறட்டை விட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குறட்டைச் சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் இருட்டில் திசை பார்த்தார்கள். எரிகற்கள் அதைக் கேட்டு விலகிப் போயின. ஒரு கோளில் அதை மழைக்கான வேண்டுதல் என்று நினைத்து விழா எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். உயிரோடு இருப்பதற்கு என்னிடம் அப்போது பெரிய காரணம் ஏதும் இருக்கவில்லை. அடுத்த வாரம் யட்சியின் குறட்டை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் என் நலம் எதுவும் விசாரிக்கவில்லை. "யட்சி முழிச்சாச்சா? முழிச்சா பகடையை உருட்டு" என்றார். நான் உருட்டினேன். ஏழு.

தாசண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து நாங்கள் மூவரும் அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். விளிக்காரர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. ஏழாவது புத்தகம் பாதியில் நிற்கிறது. வள்ளமும் நிற்கிறது. கயிறை இழுக்க வேண்டியவன் மிக்கேல். நிசார்தான் முதலில் பேசினார்.

"மிக்கேலும் போயிட்டான்னு எழுதி முடிச்சிருவோம் டீச்சரே. வாசிக்கிற ஆளுவளும் கேட்டுட்டே இருக்கு. மரியாதையா முடிச்ச மாதிரி இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. "ஆளில்லாத நேரம் ஆளைக் கொல்லப்பிடாது. சட்டம் மறந்து போச்சா?" என்றேன்.

"அது திரும்பி வாற ஆளுக்குள்ள சட்டம், டீச்சரே."

நான் கேட்டேன்: "நான் திரும்பி வருவேன்னு தெரிஞ்சா அவரு அந்தச் சட்டத்தைப் போட்டாரு?"

ஜெசிந்தாக்கா பகடையைக் கையில் எடுத்தார். "எனக்க ரோபோவுக்கும் கை உண்டுல்லா. நான் இழுக்கேன். வள்ளம் நகரட்டு. அவரு கிடந்து உறங்கட்டு" என்றார். உருட்டினார். ஏழு விழுந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்று பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். அடுத்து கணவாய் இழுத்தது, எட்டுக் கையாலும். பிடிக்கவில்லை. மூன்றாவதாக யட்சி இழுத்தாள். பதினெட்டு. எஞ்சின் பிடித்தது. பொய் சொல்லவில்லை, நிசார் சாட்சி.

வள்ளம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. விளிக்காரர் இல்லாததால் மூவரும் மாற்றி மாற்றி அவரவர் நாற்காலியிலிருந்தே விளிக்கிறோம். அவர் விளிப்பதுபோல் வரவில்லை. ஒரு ராட்சசன் பேசும்போது அவர் மூக்கைச் சுருக்கிக்கொள்வதும், எங்களை ஆபத்தில் மாட்டிவிட்டுச் சாவகாசமாகத் தேயிலைத் தண்ணீர் குடிப்பதும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, இன்றைக்கு எந்த வம்பில் மாட்டிவிடப் போகிறாரோ என்று மனம் தன்னையறியாமல் குதிக்கிறது. அடுத்த கணம் நினைவு வருகிறது. அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறெப்படிச் சொல்ல?

பகடையை ஜெசிந்தாக்கா என்னிடம் தந்துவிட்டார். என் மேசை இழுப்பறையில், அந்தப் பழைய அட்டவணைக்கு மேல் இருக்கிறது. அது கோணல் பகடை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதைவிடப் பெரிதாக நான் வைத்துக்கொண்டிருப்பது, ஒரு நோயாளிக்காக அவர் போனிலேயே நின்ற நிற்பில் உண்டாக்கிய அந்த ஒரு வரிச் சட்டம். ஏழாவது புத்தகத்தில் மிக்கேல் வலைக்கு அடியில் உறங்குகிறான். குறட்டை நன்றாகக் கேட்கிறது. அதை வைத்துத்தான் திசை பார்க்கிறோம். அவனைக் கொல்ல வேண்டும் என்றால் தாசண்ணன் நேரில் வந்து சொல்லட்டும். ஞாயிறு மூன்று மணி. அவர் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.