பட்டைக் கட்டோடு வந்த கொடி

எனக்குச் செடிகொடிகளைப் பழக்கிவிட்டவை மாட்டுவண்டிகள். என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை. தோல் பதனிட ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டை கட்டுக்கட்டாக வண்டியில் வரும். அதை எடை பார்த்து இறக்குவது அவர் பொறுப்பு. அந்தக் கட்டுகளுக்குக் கயிறு கிடையாது. காட்டில் கைக்கு அகப்பட்ட பச்சைக் கொடியை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்துவிட்டால் அது குப்பை. அந்தக் குப்பையைத்தான் நான் பத்து வருஷம் படித்தேன்.

"ஊர்ல பொம்பளைங்க பூ கேப்பாங்க. நீ இன்னாடான்னா குப்பை கேக்கற" என்பார். ஆனாலும் வாடுவதற்குள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிடுவார். மனுஷனுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இருந்தாலும் இலையை எண்ணி, காயைக் கீறி, விதையை நட்டு, எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். சென்னையில் பெண்களுக்கான மாதப் பத்திரிகை ஒன்று எனக்குத் தோட்டப் பக்கம் கொடுத்தது. அந்த ஒரு பக்கம்தான் எனக்கு உலகம். அது போனால் நான் வெறும் சோறாக்கிப் போடுகிறவள்.

ஒரு தை மாதம் புதிதாக ஒரு கொடி வந்தது. வெற்றிலை மாதிரி அகன்ற இலை, ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டைக் காய், உள்ளே பஞ்சோடு விதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தி கட்டி விதைத்தேன். முளைப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கோழி கிளறித் தின்றுவிட்டது, நாசமாய்ப் போக! பொறுமை இருந்ததா எனக்கு? வளர்த்துப் பார்த்தவள் போலவே எழுதிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் மிச்ச விதையைத் தபாலில் அனுப்பினேன்.

சில மாதம் கழித்து ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருந்தாள். "நீங்கள் எழுதிய வெற்றிலை இலை எங்கே அம்மா? இங்கே முளைத்திருப்பதெல்லாம் புல் போல ஒல்லி இலை. செடியைப் பார்த்துத்தான் எழுதினீர்களா?"

"இவளுக்கு இன்னா தெரியும்!" என்று கார்டை அடுப்பில் போடப் போனேன். அவர் பிடுங்கிப் படித்தார். "நாளைக்குக் காலி வண்டி திரும்பிப் போவுது. வர்றியா, நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

மலை எங்கள் தெருவிலிருந்தே தெரியும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், நான் பக்கத்தில் போனதில்லை.

அடிவாரத்தில் வண்டிக்காரர் ஓர் ஆவாரம் புதரைக் காட்டினார். அதன்மேல் இரண்டு கொடிகள் ஏறியிருந்தன. ஒன்றில் வெற்றிலை போல இலை. மற்றதில் ஒல்லி இலையும் கொம்புக் காயும். "ஒத்தக் கொடி அறுந்துடும்மா. ரெண்டையும் சேத்து முறுக்குனாதான் கட்டு நிக்கும்" என்றார்.

அட கடவுளே! ஒன்றின் இலையையும் இன்னொன்றின் காயையும் ஒட்டவைத்து, உலகத்திலேயே இல்லாத ஒரு செடியை நான் அச்சில் ஏற்றியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இத எழுதுனா என் பக்கம் போயிடுங்க" என்றேன்.

"போனா போவட்டும். அந்தம்மா இல்லாத எலையத் தேடினு இருக்குதே, பாவம்" என்றார்.

எழுதினேன். கோழி தின்றது, வளர்க்காமலே வளர்த்ததாகச் சொன்னது, மலைப்பக்கமே போகாமல் மலைச்செடி எழுதியது, ஒன்றையும் மறைக்கவில்லை. அது அச்சாகி வந்தது. அடுத்த வாரம் பத்திரிகையிலிருந்து உறை வந்தது. சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்துப் பிரித்தேன். உள்ளே இருந்தது அதே ராணிப்பேட்டைக்காரி பத்திரிகைக்குப் போட்ட புதுக் கார்டு. ஓரத்தில் ஆசிரியர், "இம்முறை இரண்டு பக்கம் எழுதலாம்" என்று குறித்திருந்தார்.

"செடி கிடக்கட்டும் அம்மா," என்று எழுதியிருந்தாள். "நான் வீட்டை விட்டு வெளியே வராமல் கோஷாவில் இருக்கிறவள். எங்கள் மாடியிலிருந்தும் ஒரு மலை தெரிகிறது. பக்கத்தில் போனால் அது எப்படி இருக்கும்? அதை எழுதுங்கள்."

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கம் பிழைத்த சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழுதது, 'வர்றியா' என்று கேட்க அவளுக்கு ஓர் ஆள் இல்லையே என்றுதான்.